பெரிய பைக்குக்கு மாறும்போது: வாசகர் கேள்விகளும் பதில்களும்

நூறு சி.சி. வண்டியில் ஆண்டுக்கணக்கில் ஓடியவர்கள் 350, 400, 650 என்று மாற நினைக்கும்போது முதலில் கேட்பது ‘எத்தனை சி.சி. வாங்கலாம்?’ என்றுதான். வந்திருக்கும் கடிதங்களும் அப்படியே. அந்த எண்ணைவிட வண்டியின் எடையும், உங்கள் வலக்கை பிரேக்கைப் பிடிக்கும் விதமும் பல மடங்கு முக்கியம் என்பது என் உறுதியான கருத்து. அதை வைத்தே பதில் எழுதியிருக்கிறேன்.

பன்னிரண்டு ஆண்டுகளாக ஸ்பிளெண்டர் ஓட்டுகிறேன். இப்போது கிளாசிக் 350 பதிவு செய்திருக்கிறேன். ஓட்டுவதில் பெரிய வித்தியாசம் தெரியுமா?
— வாசகர், பொள்ளாச்சி

தெரியும். அதுவும் நீங்கள் எதிர்பார்க்காத இடத்தில், கியர் லீவரில். ஸ்பிளெண்டரில் நான்கு கியரையும் முன்காலால் கீழே மிதித்துத்தான் ஏற்றுகிறீர்கள். கிளாசிக்கில் முதல் கியர் மட்டுமே கீழே. இரண்டிலிருந்து ஐந்து வரை மேலே. குதிகாலால் மிதித்தால் உங்கள் பழைய வண்டியில் கியர் இறங்கும், இங்கே ஏறும். பன்னிரண்டு ஆண்டுப் பழக்கம் காலில் ஊறிக் கிடக்கிறது. மூன்றாவது கியரில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, நான்காவது போடுவதாக நினைத்து முன்காலை அழுத்தினால் வண்டி இரண்டாவதற்கு இறங்கிவிடும். அந்த நேரத்தில் கிளட்சைச் சட்டென்று விட்டால் பின்சக்கரம் இழுத்துப் பிடித்துச் சறுக்கும். மழை பெய்த சாலையாக இருந்தால் விழுவதற்கு வேறு காரணமே வேண்டாம்.

வண்டியைக் கையில் கொடுக்கும்போது இதை எடுத்துச் சொல்பவர்கள் மிகக் குறைவு. அதனால் நீங்களே செய்துகொள்ளுங்கள்: முதல் வாரம் அதிகாலையில் காலி மைதானத்தில், ‘ஏற்ற மேலே, இறக்கக் கீழே’ என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே கியர் மாற்றிப் பழகுங்கள். முதல் மாதத்தில் ஒரு நாள் பழைய வண்டி, மறுநாள் புது வண்டி என்று மாற்றி மாற்றி எடுக்கவே கூடாது. கால் குழம்பும்.

அடுத்தது எடை. ஸ்பிளெண்டர் ஏறத்தாழ 112 கிலோ, கிளாசிக் 195 கிலோ. வளர்ந்த ஆள் ஒருவரை எந்நேரமும் பின்னால் ஏற்றிக்கொண்டு திரிவதற்குச் சமம். நெடுஞ்சாலையில் ஓடும்போது இந்த எடை தெரியாது, சுகமாகவே இருக்கும். நடை வேகத்தில்தான் காட்டிவிடும்: பெட்ரோல் பங்க்கில் திரும்பும்போது, சந்தைக் கடைத்தெருவில் வளைக்கும்போது, சரிவில் நிறுத்திவிட்டுப் பின்னால் தள்ளும்போது. ஹாண்டில்பார் ஒரு பக்கம் திரும்பியிருக்கையில் முன் பிரேக்கைத் தொட்டால் வண்டி அந்தப் பக்கமே சாயும்; 195 கிலோ சாய ஆரம்பித்துவிட்டால் காலால் தாங்க முடியாது. மெதுவாகத் திரும்பும்போது கிளட்சைப் பாதி பிடித்து, ஆக்ஸிலரேட்டரைச் சற்றே கொடுத்து, பின் பிரேக்கை லேசாக அழுத்தி வைத்திருங்கள். பார்வை முன்சக்கரத்தில் இருக்கக் கூடாது. எங்கே போய்ச் சேர வேண்டுமோ அங்கே இருக்க வேண்டும். இந்த ஒரு வித்தை கைவந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள்.

வயது 21. மூன்று ஆண்டுகளாக 125 சி.சி. வண்டி. 390 டியூக் வாங்க ஆசை. ‘வேண்டுமானால் 350 வாங்கிக்கொள், 390 எதற்கு?’ என்கிறார் அம்மா. நாற்பது, ஐம்பது சி.சி.யில் என்ன வித்தியாசம் வந்துவிடப் போகிறது, ஐயா?
— வாசகர், கோயம்புத்தூர்

தம்பி, உங்கள் அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது. எண்களைப் பாருங்கள். கிளாசிக் 350 தருவது 20 குதிரைத் திறன், அது இழுக்க வேண்டிய எடை 195 கிலோ. இப்போது வரும் 390 டியூக் தருவது ஏறத்தாழ 46 குதிரைத் திறன், எடையோ 168 கிலோதான். 650 சி.சி. இன்டர்செப்டரே 47 குதிரைத் திறன்தான், அதன் எடை 200 கிலோவுக்கு மேல். அதாவது நீங்கள் ‘நாற்பது, ஐம்பது சி.சி.’ என்று நினைப்பது, 650-க்கு நிகரான சக்தியை அதைவிட மிக இலேசான வண்டியில் ஏற்றி வைத்தது. உங்கள் 125 தருவது ஏறக்குறைய 11 குதிரைத் திறன். ஒரே தாவலில் நான்கு மடங்கு.

நம் நாட்டில் கியர் வண்டிக்கான உரிமம் ஒன்று இருந்தால் 18 வயதிலேயே எந்தப் பைக்கையும் ஓட்டலாம், சி.சி. வரம்பு கிடையாது. சிங்கப்பூரில் அப்படி இல்லை. முதலில் 2பி உரிமம், அதில் 200 சி.சி. வரைதான். ஓராண்டு கழித்துத் தேர்வில் தேறி 2ஏ, அது 400 வரை. இன்னும் ஓராண்டு கழித்துத்தான் அதற்கு மேல். ஐரோப்பாவில் இடைநிலை உரிமத்துக்கு 35 கிலோவாட் எல்லை. ஏறத்தாழ 47 குதிரைத் திறன். அங்கே சட்டம் கட்டிக் கொடுத்திருக்கும் படிக்கட்டை இங்கே நாமேதான் கட்டிக்கொள்ள வேண்டும்.

வேகமெடுப்பது கடினமில்லை. நிற்பதுதான் கடினம். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடியில் சுமார் 17 மீட்டர் போகிறீர்கள், 100-இல் 28 மீட்டர். ஆபத்தைப் பார்த்துப் பிரேக்கில் விரல் பதிவதற்குள் அந்தத் தூரம் போய்விடும். அதன் பிறகு, காய்ந்த நல்ல சாலையில் நன்றாகப் பிரேக் பிடித்தால் 60-இலிருந்து நிற்க 20 மீட்டர் ஆகும் என்றால், 100-இலிருந்து நிற்க 56 மீட்டர் ஆகும். வேகம் ஒன்றரை மடங்கைச் சற்றுத் தாண்டினால் நிற்கும் தூரம் மூன்று மடங்கை நெருங்குகிறது. 125-இல் எப்போதாவது தொட்ட வேகத்தை 390 கண் இமைக்கும் நேரத்தில் தொட்டுவிடும். கண்ணும் கையும் அதற்குப் பழகியிருக்க வேண்டும்.

இன்னொன்று. 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2019 ஏப்ரலில் இருந்து ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) கட்டாயம். உங்கள் வண்டியில் அது இருந்திருக்க வாய்ப்பு குறைவு. ஏ.பி.எஸ். வேலை செய்யும்போது பிரேக் லீவர் விரல்களுக்குள் துடிக்கும். முதல் முறை அதை உணரும் பலர் ஏதோ உடைந்துவிட்டதென்று பயந்து பிடியை விட்டுவிடுகிறார்கள், நிற்க வேண்டிய வண்டி ஓடிவிடுகிறது. துடித்தாலும் விடாதீர்கள். பாதுகாப்பான இடத்தில் 30, 40 கிலோமீட்டர் வேகத்தில் அந்தத் துடிப்பை வேண்டுமென்றே வரவழைத்துப் பழக வேண்டும்.

என் முடிவு: 160 முதல் 200 சி.சி. வரையில், ஏ.பி.எஸ். உள்ள வண்டி ஒன்றை ஓராண்டு ஓட்டுங்கள். பிறகு 390 வாங்குங்கள், அப்போது நானே வாழ்த்துவேன். இல்லை, இப்போதே வேண்டும் என்றால் முதல் சில மாதம் வண்டியிலேயே தேர்ந்தெடுக்கக்கூடிய மழைக்கால ஓட்டுமுறையிலேயே (‘ரெயின் மோடு’) வைத்து ஓட்டுங்கள். ஆக்ஸிலரேட்டரின் சீற்றம் அதில் குறையும். நல்ல ஹெல்மெட், கையுறை, ஜாக்கெட், கணுக்கால் மூடும் காலணி ஆகியவற்றின் விலையையும் வண்டி விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள். அதற்குப் பணம் மிஞ்சவில்லை என்றால் அந்த வண்டி உங்களுக்கு இன்னும் எட்டவில்லை என்று பொருள்.

உயரம் 5 அடி 2 அங்குலம். 110 சி.சி. பைக் நன்றாக ஓட்டுவேன். 350 எனக்குச் சரிப்படாது என்று எல்லோரும் சொல்கிறார்கள். உண்மையா?
— வாசகி, தஞ்சாவூர்

உண்மையில்லை. இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் பதிய வேண்டும் என்பது விதியல்ல. இடக்கால் உறுதியாக ஊன்றினால் போதும், வலக்கால் பின் பிரேக்கில் இருக்கும். இருக்கை உயரத்தைப் பாருங்கள்: கிளாசிக் 805 மில்லிமீட்டர், மீட்டியார் 350 வெறும் 765. ஹண்டர் 350-இன் இருக்கை 790, எடை 181 கிலோ. ஆனால் எண் மட்டும் பேசாது. இருக்கை அகலமாக இருந்தால் தொடை விரிந்து கால் எட்டாமல் போகும். ஆகவே நேரில் போய், நீங்கள் வழக்கமாகப் போடும் காலணியோடு உட்கார்ந்து பாருங்கள்.

உட்கார்ந்து பார்ப்பதோடு வந்துவிடாதீர்கள். எஞ்சினை அணைத்த நிலையில் வண்டியின் இடப்பக்கம் நின்று, இடுப்பை டாங்கில் அணைத்தபடி பத்தடி முன்னும் பின்னும் தள்ளிக் காட்டும்படி கடைக்காரரிடம் கேட்டு, நீங்களும் தள்ளுங்கள். அது முடிந்தால் ஓட்டுவதும் முடியும்.

விழுந்த வண்டியைத் தூக்கவும் ஒரு முறை உண்டு, அதற்குப் புஜபலம் தேவையில்லை. எஞ்சினை அணைத்துவிட்டு, வண்டியைக் கியரில் போடுங்கள். வலப்பக்கம் விழுந்திருந்தால் முதலில் சைடு ஸ்டாண்டை விரித்து வையுங்கள். வண்டிக்கு முதுகு காட்டி நின்று, இருக்கையின் விளிம்பில் பின்புறத்தை முட்டுக்கொடுத்து, ஒரு கையால் ஹாண்டில்பாரையும் மறு கையால் பின்பக்கக் கம்பியையும் பிடித்து, குட்டி அடி வைத்துப் பின்னோக்கி நடங்கள். பாரத்தைத் தூக்குவது கால்கள். முதுகை வளைத்துக் குனிந்து தூக்கினால் பிடித்துக்கொள்ளும்.

தாம்பரத்திலிருந்து கிண்டிக்கு தினமும் அலுவலகம். அதற்காக 400 சி.சி. வாங்கலாமா?
— வாசகர், சென்னை

அதற்காக மட்டும் என்றால் வேண்டாம். சிக்னலுக்குச் சிக்னல் நின்று போகும் சாலையில் பெரிய எஞ்சின் காலைச் சுடும், கிளட்ச் பிடித்தே கை வலிக்கும். வார இறுதிப் பயணத்துக்கென்றால் தனிக் கதை. அப்போதும் பழைய சின்ன வண்டியை விற்றுவிடாதீர்கள்.

350-க்கும் 400-க்கும் செலவில் எவ்வளவு வேறுபாடு வரும்?
— வாசகர், மதுரை

350 சி.சி. என்பது வரிக்கான எல்லைக் கோடு. 2025 செப்டம்பர் 22 முதல் 350 வரையிலான வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், அதற்கு மேல் 40 சதவீதம். காப்பீட்டிலும் அதே கோடுதான். 2022 ஜூனில் வந்த கட்டணப்படி மூன்றாம் நபர் காப்பீடு ஆண்டுக்கு 75-க்கு மேல் 150 சி.சி. வரை 714 ரூபாய், 350 வரை 1,366, அதற்கு மேல் 2,804. புது வண்டிக்கு ஐந்தாண்டுக்கும் சேர்த்தே கட்ட வேண்டும் என்பதால் முதல் நாளே கையைக் கடிக்கும்.

பலர் விட்டுவிடும் ஒன்று: இழப்பீடு கோராதவர்களுக்குக் கிடைக்கும் பிரீமியத் தள்ளுபடி வண்டிக்கு உரியதல்ல, உரிமையாளருக்கு உரியது. ஐந்தாண்டு கோராமல் இருந்திருந்தால் சொந்தச் சேதக் காப்பீட்டில் 50 சதவீதம் வரை. பழைய வண்டியை விற்கும்போது காப்பீட்டு நிறுவனத்திடம் அதற்கான கடிதம் வாங்கிக்கொண்டால் புது பைக்குக்குப் பயன்படுத்தலாம். டயர், செயின் செட், பிரேக் பேடு எல்லாம் சின்ன வண்டியைவிட விலை கூடுதல், தேய்வதும் விரைவு.

பழைய 650 ஒன்று நல்ல விலைக்கு வருகிறது. எதைப் பார்த்து வாங்குவது?
— வாசகர், ஈரோடு

வருவதற்கு முன் ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த எஞ்சின் எப்படிப் பற்றுகிறது என்பதை உங்களிடமிருந்து மறைக்க நினைத்திருக்கலாம்.

பிறகு குனிந்து, ஹாண்டில்பார் முழுதாகத் திரும்பும்போது போய் இடிக்கும் சின்ன இரும்புத் தடுப்பை இரண்டு பக்கமும் பாருங்கள். புது பெயின்ட் அடித்து, கண்ணாடி மாற்றி, கீறலை மறைத்துவிடலாம். இந்தத் தடுப்பை யாரும் கவனிப்பதில்லை. ஒரு பக்கம் நசுங்கியோ வளைந்தோ இருந்தால் வண்டி பலமாக விழுந்திருக்கிறது. அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள், விலை எவ்வளவு குறைத்தாலும்.

முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் பளபளப்பான குழாயில் எண்ணெய் வளையம் தெரிந்தால், கசிவைத் தடுக்கும் சீல் போய்விட்டது, அது சரிசெய்யக்கூடியதுதான். பின் பல்சக்கரத்தின் பின்னோரத்தில் செயினைப் பிடித்து இழுங்கள். பல்லில் பாதி வெளியே தெரியும் அளவுக்குச் செயின் எழும்பினால் மாற்ற வேண்டிய காலம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத் தயாரிப்பு. ஓடாமல் நின்ற வண்டியில் டயர் தேயாமலேயே இறுகிப் போயிருக்கும்.

ஆர்.சி.யில் கடன் பதிவு இருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-உம் கைக்கு வராமல் பணம் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வெளிமாநில வண்டி என்றால் படிவம் 28-உம் இங்கே கட்ட வேண்டிய வரியும் சேரும். ‘நல்ல விலை’ அங்கே கரைந்துவிடும்.

மூன்று வயது மகளைப் பெரிய பைக்கில் அழைத்துப் போகலாமா?
— வாசகர், விழுப்புரம்

நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குப் பாதுகாப்புப் பட்டையும் ஹெல்மெட்டும் 2023 பிப்ரவரி முதல் கட்டாயம், வேகம் 40-ஐத் தாண்டக் கூடாது. டாங்க் மேல் உட்கார வைப்பதை அடியோடு விட்டுவிடுங்கள். புது வண்டி உங்களுக்கு முழுதாகப் பழகும்வரை மகள் வீட்டிலேயே இருக்கட்டும்.

ஆடிக் காற்றில் ஆரல்வாய்மொழி வழியாகப் போகும்போது என் 100 சி.சி. வண்டி தடுமாறுகிறது. கனமான பைக் என்றால் காற்று அசைக்காதா?
— வாசகர், நாகர்கோவில்

குறையும், நின்றுவிடாது. கணவாய் வழியே வரும் காற்று பக்கவாட்டில் அடிக்கிறது. பெட்டி, பை, பெரிய கண்ணாடி என்று எவ்வளவு மாட்டுகிறீர்களோ அவ்வளவு பரப்பைக் காற்றுக்குக் கொடுக்கிறீர்கள். கனமான வண்டியில் உள்ள இன்னொரு சிக்கல், அது உறுதியாக நிற்கிறதே என்று வேகம் கூட்டத் தோன்றும். நான்குவழிச் சாலையில் இரு சக்கர வண்டிக்கு மத்திய அரசின் உச்ச வேகம் 80 கிலோமீட்டர். காற்றுக் காலத்தில் அங்கே 60-ஏ அதிகம்.

ஹாண்டில்பாரை இறுக்கிப் பிடித்தால் உங்கள் உடம்பில் மோதும் காற்று கை வழியே முன்சக்கரத்துக்குப் போய்விடும். முழங்கால்களால் டாங்கை அணைத்து, முழங்கையைத் தளர்த்தி, சற்றே முன்குனிந்து ஓட்டுங்கள். லாரியை முந்தும்போது அதன் மறைவில் காற்று சட்டென்று நின்று, முன்பகுதியைத் தாண்டியதும் மொத்தமாக அடிக்கும். அந்த இடத்தில் உங்களுக்குப் பக்கவாட்டில் குறைந்தது ஒரு மீட்டராவது இடம் மிச்சம் இருக்கும்படி முந்துங்கள். அவ்வளவு இடம் இல்லை என்றால் லாரிக்குப் பின்னாலேயே போங்கள்.