கேமராவுக்குச் சிக்காத கௌதாரி

கேள்வி: எங்கள் தரிசில் விடிந்ததும் கௌதாரி கத்துகிறது. கேமராவோடு போனால் வால்கூடத் தெரிவதில்லையே?
- வாசகர், நாங்குநேரி

பதில்: தேடிப் போனால் அப்படித்தான், ஐயா. கௌதாரி பறப்பதைவிட ஓடுவதையே விரும்பும். நெருக்கினால் காலடியிலிருந்து படபடவென்று எழும்பி, செம்பழுப்பு வாலோரத்தைக் காட்டிவிட்டுச் சற்றுத் தள்ளி இறங்கிவிடும். விடியுமுன்னே வண்டிப்பாதையோரம் உடைமர மறைவில் உட்கார்ந்துவிடுங்கள்; வெயில் ஏறுமுன் மண்ணைக் கிளறி மேய அதுவே வெளியே வரும். தரையோடு படுத்து எடுத்தால் தொண்டையைச் சுற்றிய மெல்லிய கறுப்புக் கோடும், சேவலின் கால்முள்ளும் தெளிவாக விழும். கைப்பேசியில் அதன் குரலை ஒலிக்கவிட்டு வரவழைக்கும் வேலை மட்டும் வேண்டாம். கூண்டுக் கௌதாரியைக் கத்தவிட்டுக் கண்ணி வைப்பவர்களுக்கும் அதே உத்திதான். அவர்கள் செய்வது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். தரைக்குழியில் முட்டையைக் கண்டால் கேமராவை மூடிக்கொண்டு நகர்ந்துவிடுங்கள். கீரியும் காகமும் நம்மைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கின்றன.