துக்கம் கேக்க இருபது நாளா?

சார், காவேரிப்பட்டணத்துல எங்க தெருவுல 21 வயசு பையன் வலி மாத்திரைய கரைச்சு ஊசியில ஏத்திக்கிட்டு செத்துட்டான். இருபது நாளாச்சு, நான் இன்னும் துக்கம் கேக்க போகல, என்ன பேசறதுன்னே தெரியல. பெத்தவங்க கவனிக்காம எப்படி விட்டாங்கன்னு கோவமும் வருது. தெருவுல விழிப்புணர்வு கூட்டம் போடலாமா?

– ஒரு வாசகர்

தம்பி,

கூட்டமெல்லாம் அப்புறம். புள்ளைய பறிகொடுத்த வீட்டு வாசல்ல மைக் செட்டா, போய்யா.

நாலு வருஷம் முன்னாடி பாலக்கோட்டுல எங்க பெரியம்மா பொண்ணு, அக்கா, அவங்க பையன் இதே மாதிரிதான் போனான். தக்காளி லோடு வண்டி ஓட்டிட்டு இருந்தான். அக்கா என்கிட்ட சொன்னது இது: "ராத்திரி கொர்ர்னு குறட்டை கேட்டுச்சுடா, ரொம்ப நாள் கழிச்சு புள்ள நல்லா தூங்குதேன்னு ஃபேன இன்னும் ஒரு பாயிண்ட் கூட்டி வெச்சிட்டு வந்தேன்."

அது தூக்கம் இல்ல. அந்த ரக மாத்திரை அளவு மீறுனா மூச்சு மெதுவாகி மெதுவாகி நின்னுடும், அதுக்கு முன்னாடி வர்ற சத்தம்தான் அது. நலாக்சோன்னு ஒரு மருந்து இருக்கு, நேரத்துக்கு போட்டா மூச்சு திரும்பும், ஆனா அத தெரிஞ்சு வெச்சிருக்க பாலக்கோட்டு அம்மா எங்க போவா. அவகிட்ட வந்து கவனிக்கலையான்னு கேட்டாங்க, ஒருத்தர் இல்ல, வந்தவங்க எல்லாரும். நீயும் அதத்தான் மனசுல வெச்சிருக்க. அந்த கேள்விய அவ உன்ன விட ஆயிரம் தடவ கேட்டுக்கிட்டாச்சு, நீ போய் ஆயிரத்தோராவதா நிக்காத.

இன்னொன்னு எனக்கு இன்னும் ஆறல. நெஞ்சுவலின்னு சொல்லி வெச்சாங்க, ஆனா பாடி போஸ்ட்மார்ட்டத்துக்கு போனப்பவே ஊருக்கு தெரிஞ்சுபோச்சு. அப்புறம் அக்கா ஒப்பாரி எடுத்தா. "வண்டி ஏறி வருவியேன்னு" ஒரு அடிதான் வந்துச்சு, பக்கத்துல இருந்த சித்தி வாய பொத்திட்டா, போலீஸ்காரன் நிக்கறான்டின்னு. நம்ம பக்கம் எண்பது வயசு கிழவி செத்தா கூட பேர் சொல்லி, அவ வெச்ச களி, அவ மேய்ச்ச மாடு எல்லாத்தையும் சொல்லி அழுவாங்க. இந்த பையனுக்கு மட்டும் கிடையாது. இப்படி மருந்து அளவு மீறி போனவங்கள நினைக்கறதுக்குன்னே 2001-ல ஆஸ்திரேலியாவுல மெல்பர்ன்ல ஆகஸ்ட் 31-ன்னு ஒரு நாள் வெச்சு ஆரம்பிச்சாங்க, இப்ப பல நாட்டுல அன்னிக்கு கூடி, இப்படி போனவங்க பேர ஒவ்வொண்ணா படிக்கறாங்க. நம்மகிட்ட ஒப்பாரியே இருந்துச்சு, வாய பொத்திட்டோம்.

(அவன் பேர நானும் இங்க எழுதல பாரு. அக்காகிட்ட கேட்டுட்டு எழுதறேன்.)

என்ன பேசறதுன்னு கேட்டல்ல. நீ அந்த பையன பாத்திருப்ப, கிரிக்கெட் ஆடியிருப்பான், உன் வண்டிய தள்ளி விட்டிருப்பான், ஏதோ ஒண்ணு இருக்கும். பேர சொல்லி அத சொல்லு. அவங்க அழுதா அழட்டும், எழுந்து ஓடாத. அந்த வீட்டுல தம்பி தங்கச்சி இருந்தா அவங்ககிட்டயும் பேசு, எல்லாரும் அம்மாவையே பாத்துட்டு அதுங்கள விட்டுடறாங்க. ராத்திரி தாங்க முடியலன்னா 14416-க்கு போன் பண்ணலாம், டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி நம்பர், தமிழ்லயே பேசுவாங்க, நம்பர எழுதி குடுத்துட்டு வா.

அக்கா வீட்டுக்கு ரெண்டாம் மாசம் போனேன், அவன் லோடு ஏத்தற கிரேட் ஒண்ணு திண்ணையில கவுத்து வெச்சிருந்துச்சு, அது மேலதான் உக்காந்தேன். "அவனும் அங்கதான் உக்காருவான்"னா. டீ ரெண்டு தடவ போட்டு குடுத்தா.

இந்த ஞாயித்துக்கிழமை போ. வெறுங்கையோட போனாலும் பரவால்ல.