மழையில் நின்ற ஞாயிறு, பத்து மணிக்கு அணைந்த சனி: இசைவிழா டிக்கெட் பணத்தைத் திரும்ப வாங்க முடியுமா?

கேள்வி: சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடந்த இரண்டு நாள் திறந்தவெளி இசைவிழாவுக்கு மதுரையிலிருந்து ஐந்து நண்பர்கள் போனோம். இரண்டு நாளுக்குமான பாஸ் தலைக்கு 4,500 ரூபாய். ஐந்தையும் ஒருவனே தன் கிரெடிட் கார்டில் ஆன்லைனில் எடுத்தான். மற்றவர்கள் ஜிபேயில் பங்கைக் கொடுத்தோம். சனிக்கிழமை 8 மணிக்கு மேடையேற வேண்டிய முக்கியக் குழு 9.20-க்குத்தான் வந்தது. 10 மணிக்குப் போலீஸ் வந்து ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டது. ஞாயிறு மாலை மழையைக் காட்டி ரத்து செய்தார்கள். ‘எக்காரணம் கொண்டும் பணம் திருப்பித் தரப்படாது’ என்ற நிபந்தனையைச் சொல்லிவிட்டு, அடுத்த வருடத்துக்கு 30 சதவீதத் தள்ளுபடிக் கூப்பன் அனுப்பியிருக்கிறார்கள். விழாவில் செலவழிக்கக் கைப்பட்டையில் ஏற்றிய பணத்தில் 1,150 ரூபாய் மிச்சம். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் இரண்டு நாளையும் தனித்தனியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரே கோபத்தில் இரண்டையும் சேர்த்து நுகர்வோர் ஆணையத்துக்கு மனு எழுதினால், ஞாயிற்றுக்கிழமை மழையைக் காட்டியே சனிக்கிழமைத் தவறிலிருந்தும் அவர்கள் தப்பிக்கப் பார்ப்பார்கள்.

ஞாயிறு. மழைக்கு அமைப்பாளர் பொறுப்பல்ல. அதனால் ரயில் கட்டணம், லாட்ஜ் வாடகை, மன உளைச்சல் என்று அந்த நாளுக்கு நஷ்டஈடு கேட்டால் கிடைப்பது கடினம். ஆனால் நடத்தாத நிகழ்ச்சிக்கு வாங்கிய பணத்தை வைத்துக்கொள்வது வேறு விஷயம். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 65-ஆம் பிரிவுப்படி, ஒப்பந்தம் செல்லாமல் போகும்போது அதன்மூலம் பெற்ற ஆதாயத்தைத் திருப்பித் தர வேண்டும். ‘பாஸ் ஒன்றுதான், ஒரு நாள் பார்த்துவிட்டீர்களே’ என்று வாதிடுவார்கள். ஞாயிற்றுக்கு மட்டும் தனி டிக்கெட் விற்றிருந்தால் அந்த விலைதான் உங்கள் அளவுகோல். இல்லையென்றால் பாஸ் விலையில் பாதி கேளுங்கள். விளம்பரத்தில் ‘மழை பெய்தாலும் நடக்கும்’ என்று எங்காவது போட்டிருக்கிறார்களா என்றும் தேடிப் பாருங்கள். போட்டிருந்தால் மழை என்ற சாக்கே பலவீனமாகிவிடும்.

ஜிஎஸ்டியை அரசுக்குக் கட்டிவிட்டோம், அதைத் தர முடியாது என்பார்கள். குறைபாடுள்ள சேவைக்குக் கிரெடிட் நோட் (பில் தொகையையும் வரியையும் குறைத்துத் தரும் சீட்டு) போட ஜிஎஸ்டி சட்டத்தின் 34-ஆம் பிரிவு வழி தருகிறது. ஆகவே வரியோடு சேர்த்தே கேளுங்கள்.

சனி. உங்கள் கோபமெல்லாம் ஞாயிற்றின் மேல் இருக்கலாம். நஷ்டஈட்டைப் பொறுத்தவரை எனக்குச் சனிக்கிழமைதான் பலமாகத் தெரிகிறது. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி, இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. கலாசார, மத விழாக்களுக்காக ஆண்டில் 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு வரை அனுமதிக்க மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. அந்த அனுமதி இல்லையென்றால் பத்து மணிதான் எல்லை. இது விழா நடத்தும் எவருக்கும் தெரிந்திருக்க வேண்டிய விதி. ‘போலீஸ் நிறுத்திவிட்டது’ என்பது இங்கே எதிர்பாராத தடையே ஆகாது. 80 நிமிடத் தாமதம்தான் காரணம், அது அவர்களுடையது.

இதை நிரூபிக்க, சம்பந்தப்பட்ட போலீஸ் கமிஷனர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஆர்டிஐ மனு போடுங்கள். எந்த நேரம் வரை ஒலிபெருக்கி அனுமதி கொடுக்கப்பட்டது, அனுமதி உத்தரவின் நகல் என்ற இரண்டை மட்டும் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும்.

ஆதாரங்களில் பலர் கோட்டை விடுவது செல்போனில். வாட்ஸ்அப்பில் வந்த வீடியோ போதாது. அனுப்பும்போது கோப்பு சுருங்கி, எடுத்த நேர விவரமும் போய்விடும். எடுத்தவரின் போனில் இருக்கும் மூலக் கோப்பை அழிக்காமல் வையுங்கள். பாரதிய சாக்ஷிய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு கேட்கும், மின்னணு ஆதாரத்துக்கான சான்றிதழையும் இணைத்துவிடுங்கள். நிகழ்ச்சி அட்டவணைப் பதிவை அவர்கள் நீக்குவதற்கு முன் இணைய முகவரி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். கைப்பட்டையைக் கழற்ற வெட்டியிருந்தாலும் தூக்கி எறியாதீர்கள், அதிலுள்ள எண் வேண்டும். மிச்சத் தொகை திரும்பப் பெறக் கெடு வைப்பது வழக்கம், ஆகவே அந்த 1,150 ரூபாய்க்கு இன்றே மின்னஞ்சல் போடுங்கள்.

கார்டில் பணம் கட்டிய நண்பர் வங்கியில் சார்ஜ்பேக் (கார்டில் கட்டிய பணத்தை வங்கி வழியாகத் திரும்பப் பெறுவது) கோரிக்கையும் வைக்கலாம். முழுத் தொகைக்குக் கேட்டால் ‘ஒரு நாள் போனார்களே’ என்று நிராகரிக்க வாய்ப்பு அதிகம். ஞாயிற்றுத் தொகைக்கு மட்டும், ‘சேவை வழங்கப்படவில்லை’ என்ற காரணத்தில் கேளுங்கள். காலக்கெடு குறுகியது. பணம் வந்தால் மனுவில் அதைக் கழித்துக் காட்டுங்கள்.

டிக்கெட் ஒருவன் பெயரில் இருக்கிறதே என்ற கவலை வேண்டாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(7) பிரிவு, பணம் கட்டியவரின் சம்மதத்தோடு சேவையைப் பெற்றவரையும் நுகர்வோராகவே பார்க்கிறது. ஜிபே ரசீதுகளை இணையுங்கள். நண்பர் உங்களிடம் லாபம் வைத்து வாங்கியிருந்தால் மட்டும் மறுவிற்பனை என்ற சிக்கல் வரும். ஐந்து பேரும் கூட்டாக ஒரே மனு போடலாம்.

அதற்கு முன், அமைப்பாளருக்கும் டிக்கெட் விற்ற தளத்துக்கும் 15 நாள் அவகாசம் கொடுத்து ஸ்பீடு போஸ்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். மின்வணிக விதிகளின்படி தளத்தின் குறைதீர் அலுவலர் புகாரை 48 மணி நேரத்தில் ஏற்று, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யுங்கள். சில நிறுவனங்கள் அங்கேயே இறங்கி வந்துவிடும்.

வரவில்லையென்றால் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனு போடலாம். ‘வழக்கு மும்பையில்தான்’ என்று நிபந்தனையில் இருந்தாலும், புகார்தாரர் குடியிருக்கும் ஊரில் தொடுக்க நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு இடம் தருகிறது. செலுத்திய தொகை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. இ-ஜாக்ரிதி என்ற அரசு இணையதளத்தில் தாக்கல் செய்யலாம், வக்கீல் கட்டாயமில்லை. சம்பவத்திலிருந்து இரண்டு ஆண்டு காலவரம்பு உண்டு.

மனு எழுதும்போது ஒரு சறுக்கலைத் தவிருங்கள். ‘பணம் திரும்பத் தரமாட்டோம்’ என்ற நிபந்தனையை நியாயமற்ற ஒப்பந்தம் என்று அறிவிக்கக் கேட்டால், அந்த அதிகாரம் மாவட்ட ஆணையத்துக்கு இல்லை. மாநில ஆணையத்துக்குப் போகச் சொல்வார்கள். சேவைக் குறைபாடு என்றும், 2(47) பிரிவின் எட்டாவது உட்பிரிவின்படி குறைபாடான சேவைக்குப் பணம் திருப்பித் தர மறுத்த நியாயமற்ற வணிக நடைமுறை என்றும் எழுதுங்கள். ஞாயிற்றுக்கான டிக்கெட் பணம், கைப்பட்டை மிச்சம், சனிக்கிழமைக்கான நஷ்டஈடு, வழக்குச் செலவு என நான்கையும் தனித்தனியாகக் கேளுங்கள். 22,500 ரூபாய் டிக்கெட்டுக்குப் பத்து லட்சம் கேட்பது மனுவின் மதிப்பைத்தான் குறைக்கும். நோட்டீஸ் கிடைத்த 30 நாளில் எதிர்த்தரப்பு பதில் தர வேண்டும்; கூடுதலாக 15 நாள் தரலாம், அதற்கு மேல் கிடையாது என்று 2020-இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வே சொல்லிவிட்டது. தீர்ப்புக்கு மூன்று மாதம் என்கிறது சட்டம். நடைமுறையில் வாய்தாக்கள் கூடுதலாகும்.

அந்தக் கூப்பனை இப்போதைக்குத் தொடாதீர்கள். ‘ஏற்கிறேன்’ என்ற பொத்தானுக்குக் கீழே, இத்துடன் எல்லாக் கோரிக்கைகளும் தீர்ந்தன என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஐந்து பேரில் யார் அழுத்தினாலும், அதையே தங்கள் முதல் ஆவணமாக ஆணையத்தில் தாக்கல் செய்வார்கள்.