விடை தெரியாத ஆராய்ச்சிச் சிக்கல்கள் எவை? என் பதில்: நம் ஊர் மழை

கேள்வி: நான் ஆறாம் படிவ மாணவி. மலேசியாவில், பினாங்கு மாநிலத்தின் நிபோங் தெபால் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறேன். இயற்பியல், கணிதம், பொருளியல், தொலைத்தொடர்புப் பொறியியல் ஆகிய துறைகளில் இன்னும் விடை கிடைக்காத சிக்கல்கள் எவை? என் போன்றவர்கள் எதில் இறங்கலாம்?

தங்கச்சி, இந்தக் கேள்விக்கு வழக்கமாகக் கிடைக்கும் பட்டியல் உங்களுக்கே தெரிந்திருக்கும்: கரும்பொருள், குவாண்டம் ஈர்ப்பு, ரீமன் கருதுகோள். எல்லாம் பெரிய கேள்விகள்தான். ஆனால் நீங்கள் சொன்ன நான்கு துறைகளிலும் தீராமல் கிடக்கும் சிக்கல்கள் நம் ஊர் மழையிலேயே இருக்கின்றன. அங்கிருந்து தொடங்குவதுதான் உங்களுக்கு நல்லது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நானும் இந்த ஊர்தான். கைப்பேசிக் கோபுரங்களை ஒன்றோடொன்று இணைக்கும் மைக்ரோவேவ் இணைப்புகளைக் கவனிப்பது என் வேலை. எனவே தொலைத்தொடர்பை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

மழை வலுத்தால் டிவியில் படம் போய்விடும் என்பது தோட்டத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். டிஷ்ஷுக்கு வரும் 12 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் இரண்டரை சென்டிமீட்டர். மழைத்துளிகள் அந்த அலையின் ஆற்றலை உறிஞ்சுகின்றன, சிதறடிக்கின்றன. அதிர்வெண் ஏற ஏற அலைநீளம் துளியின் அளவை நெருங்குவதால் பாதிப்பும் கூடுகிறது. 5ஜிக்கு ஒதுக்கப்பட்ட உயர் அலைவரிசைகளில் ஒன்று 28 கிகாஹெர்ட்ஸ். மணிக்கு 100 மில்லிமீட்டர் வீதம் பெய்யும் மழையில் அது ஒரு கிலோமீட்டர் போவதற்குள் ஏறத்தாழ 18 டெசிபல் இழக்கிறது. அனுப்பியதில் அறுபதில் ஒரு பங்குதான் போய்ச் சேரும்.

100 மில்லிமீட்டர் நமக்கு அதிசயமே இல்லை. அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பழைய மழை மண்டலப் பட்டியலில் மலேசியா ‘பி’ (P) மண்டலம். ஆண்டில் 0.01 சதவீத நேரம், அதாவது மொத்தமாகச் சுமார் 53 நிமிடம், மழை வீதம் மணிக்கு 145 மில்லிமீட்டரைத் தாண்டும் என்று அதில் இருக்கிறது. மிதவெப்ப நாடுகளுக்கான ‘இ’ (E) மண்டலத்தில் அந்த எண் வெறும் 22.

இழப்பைக் கணக்கிட மழை வீதம் மட்டும் போதாது. ஒரே வீதத்தில் பெய்தாலும் பெருந்துளியாக விழுகிறதா, பொடித்துளியாக விழுகிறதா என்பதைப் பொறுத்து இழப்பு மாறும். எந்த அளவில் எத்தனை துளி என்பதற்கு இன்றும் பாடப்புத்தகங்களில் முதலில் வருவது மார்ஷல், பால்மர் இருவரும் 1948ல் வெளியிட்ட வாய்பாடு. அது கனடா மழையை அளந்து எழுதியது. நம் ஊர் இடிமழையின் துளிகள் அந்தக் கணக்குக்கு அடங்குவதில்லை. மிதவெப்ப நாடுகளின் தரவில் ஊன்றிய மாதிரிகள் வெப்பமண்டலத்தில் அளந்த இழப்போடு பல இடங்களில் ஒத்துவரவில்லை. இங்கே எது பொருந்தும் என்பது இன்னும் முடியாத வேலை.

இதையே திருப்பிப் போட்டால் இன்னும் அருமையான ஒரு சிக்கல் கிடைக்கிறது. இணைப்பு இழந்த அளவை வைத்து, நடுவில் எவ்வளவு மழை பெய்தது என்று சொல்ல முடியுமா? முடியும் என்று இஸ்ரேலிய ஆய்வாளர்கள் 2006ல் காட்டினார்கள். 2013ல் நெதர்லாந்தில் கைப்பேசி இணைப்புகளை மட்டும் கொண்டு நாடு முழுமைக்கும் மழை வரைபடம் போட்டார்கள். மழைமானி இல்லாத தோட்டத்துப் பக்கம்கூடக் கோபுரம் இருக்கிறது. இது சரியாக அமைந்தால் நமக்கு எவ்வளவு பெரிய உதவி!

சிக்கல் எங்கே என்பதை நான் அடிக்கடி திரையில் பார்க்கிறேன். வெயில் நேரத்தில் சிக்னல் அளவு நேர்கோடாக ஓடும். மழை வந்ததும் பள்ளத்தில் விழுந்ததுபோல் இறங்கும். மழை விட்டு ரோடு காயத் தொடங்கிய பிறகும் கோடு பழைய மட்டத்துக்கு உடனே ஏறாது. ஒன்றிரண்டு டெசிபல் கீழேயே நிற்கும். ஆண்டெனாவின் மூடி இன்னும் ஈரமாக இருப்பதுதான் காரணம். அந்த ஈரத்தையும் மழை என்றே கணக்கு எடுத்துக்கொள்ளும். எது வானத்து மழை, எது மூடி மேல் ஒட்டிய தண்ணீர் என்று பிரிக்க எல்லா இடத்துக்கும் பொருந்தும் வழி இன்னும் அமையவில்லை.

அடுத்தது இயற்பியல். மேகத்தில் நீராவி ஒடுங்கிச் சிறு துளியாகிறது. ஆரம் 15 மைக்ரோமீட்டர் அளவுக்கு வரும்வரை வளர்ச்சி வேகமாக இருக்கும். துளி பெருக்கப் பெருக்க அது மந்தமாகிவிடும். துளிகள் ஒன்றோடொன்று மோதிச் சேர்ந்து மழையாக வேண்டுமானால் சில துளிகளாவது 30, 40 மைக்ரோமீட்டரைத் தொட்டிருக்க வேண்டும். ஒரு மழைத்துளிக்குச் சுமார் பத்து லட்சம் மேகத்துளிகள் சேர வேண்டும். நடுவிலிருக்கும் இந்த இடைவெளியை மேகம் எப்படி இவ்வளவு சீக்கிரம் தாண்டுகிறது? கருத்தமேகம் திரண்டு அரை மணி நேரத்துக்குள் கொட்டிவிடுவதை நாம் மத்தியானமெல்லாம் பார்க்கிறோம். எளிய கணக்கோ அதைவிட அதிக நேரம் கேட்கிறது. காற்றின் கொந்தளிப்பு துளிகளை மோதவிடுகிறது என்று சாஃப்மன், டர்னர் இருவரும் 1956லேயே கணக்குப் போட்டார்கள். அது மட்டும் போதுமா, காற்றில் மிதக்கும் பெரிய உப்புத் துகள்களுக்கும் பங்கு உண்டா என்ற வாதம் இன்றும் நடக்கிறது.

கொந்தளிப்பு என்றதும் கணிதம் வந்துவிடும். பாய்மங்களின் ஓட்டத்தைச் சொல்லும் நேவியர்–ஸ்டோக்ஸ் சமன்பாடுகளுக்கு முப்பரிமாணத்தில் எப்போதும் சீரான தீர்வு உண்டா என்பது தெரியவில்லை. கிளே கணிதக் கழகம் 2000ல் பத்து லட்சம் டாலர் பரிசு அறிவித்த ஏழு சிக்கல்களில் இதுவும் ஒன்று. எடுத்த எடுப்பில் இதில் இறங்கச் சொல்லமாட்டேன்.

பொருளியலில் மழைக்கு இருக்கும் இடம் பலருக்குத் தெரியாது. வருமானம் குறைந்தால் பிள்ளைகளின் படிப்பு கெடுமா என்று அறிய வேண்டும் என்று வையுங்கள். ஏழைக் குடும்பத்தில் வேறு நூறு குறைகளும் இருக்கும். எது காரணம் என்று பிரிப்பது கடினம். மழை யாரையும் கேட்டுப் பெய்வதில்லை. ஆகவே மழையால் ஏறி இறங்கும் வருமானத்தை மட்டும் எடுத்துப் பார்ப்பது ஒரு வழி. மிகெல், சத்தியநாத், செர்கெண்டி ஆகிய மூவரும் 2004ல் 41 ஆப்பிரிக்க நாடுகளில் பொருளாதாரச் சரிவுக்கும் உள்நாட்டுப் போருக்கும் உள்ள தொடர்பை இப்படித்தான் ஆராய்ந்தார்கள். இந்த முறைக்குப் பெயர் கருவி மாறி.

ஆனால் மழை வருமானத்தின் வழியாக மட்டும்தான் பாதிக்கிறதா? என் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியற்காலையில் மழை பெய்தால் பட்டை நனைந்து, பால், வெட்டிய கோட்டிலிருந்து விலகி மரமெல்லாம் வழியும், பால் பிடிக்கும் மங்கில் விழாது. அன்றைக்கு வேலை இல்லை. அதே மழையில் செம்மண் ரோடு சேறாகிப் பள்ளிப் பேருந்தும் வராது. பிள்ளை பள்ளிக்குப் போகாததற்குக் காரணம் சம்பளமா, ரோடா? இந்த முடிச்சை அவிழ்ப்பது எப்படி என்பதுதான் இன்றைய விவாதம். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் வளர்ந்தவருக்கு இதில் வெளியூர் ஆய்வாளருக்குக் கிடைக்காத பார்வை உண்டு. பொருளியலில் விருப்பம் இருந்தால் இதையே எடுங்கள்.

என்னைக் கேட்டால், உங்களுக்கு முதல் இடம் தொலைத்தொடர்பு. மழை இழப்பு ஆராய்ச்சி ஸ்கூடாயில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும், நம் ஊரிலேயே இருக்கும் அறிவியல் பல்கலைக்கழகப் பொறியியல் வளாகத்திலும் நடந்திருக்கிறது. வளாகத்துக்கு ஒரு கடிதம் எழுதி ஆய்வுக்கூடத்தைப் பார்க்க அனுமதி கேட்கும்படி உங்கள் இயற்பியல் ஆசிரியரிடம் சொல்லுங்கள். ஆறாம் படிவத் தேர்வான எஸ்.டி.பி.எம்.மின் கணிதம் ‘டி’ (T) பாடத்தில் இரண்டாம் தவணையில் வரும் வகைக்கெழுச் சமன்பாடுகளையும், மூன்றாம் தவணைப் புள்ளியியலையும் தேர்வுக்காக மட்டும் படிக்காதீர்கள்; மேலே சொன்ன எந்தச் சிக்கலைத் தொட்டாலும் இவை இரண்டும்தான் முதலில் தேவைப்படும்.