ஸ்மால் பிளைண்டில் போகும் புளியங்கொட்டை

அன்புள்ள ஐயா,

வணக்கம். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்று குன்னூரில் இருக்கிறேன். நீங்கள் ரம்மி பற்றி எழுதியதைப் படித்த தைரியத்தில் இதைக் கேட்கிறேன். மழை பிடித்துக்கொண்டால் இங்கே வெளியே தலைகாட்ட முடியாது. நாங்கள் ஆறு பேர் சாயங்காலம் ஒரு வீட்டில் கூடி, டீயும் வர்க்கியுமாக லிமிட் போக்கர் (லிமிட் ஹோல்டெம்) ஆடுகிறோம். ஆளுக்கு இரண்டு சீட்டு கையில், ஐந்து சீட்டு மேஜையில் எல்லோருக்கும் பொது. அமெரிக்காவில் இருக்கும் என் தம்பி மகன் சொல்லிக்கொடுத்த ஆட்டம். காசு கிடையாது, புளியங்கொட்டைதான். சீட்டைப் பார்க்கும் முன்பே டீலருக்கு (சீட்டுப் போடுபவருக்கு) அடுத்தவர் கட்டாயமாகப் போடும் ஸ்மால் பிளைண்ட் 1 கொட்டை, அவருக்கு அடுத்தவர் போடும் பிக் பிளைண்ட் 2. முதல் இரண்டு சுற்றில் இரண்டிரண்டாகவும் கடைசி இரண்டு சுற்றில் நான்கு நான்காகவும் பந்தயம் ஏறும்.

பழக்க தோஷத்தில் கணக்கு எழுதி வைக்கிறேன். ஸ்மால் பிளைண்டில் உட்கார்ந்த 300 ஆட்டத்தில் 340 கொட்டை போயிருக்கிறது. பிக் பிளைண்டில் உட்கார்ந்ததும் 300 ஆட்டம்தான், அதில் 410. மற்ற இடங்களில் லாபம்தான். ஸ்மால் பிளைண்டில் ஏற்கெனவே ஒரு கொட்டை உள்ளே கிடக்கிறது, இன்னும் ஒன்று போட்டால் ஆட்டம் பார்க்கலாம் என்பதால் பெரும்பாலும் சீட்டைக் கீழே வைப்பதில்லை. 2015-ல் கனடாவில் கணினி வைத்து இந்த ஆட்டத்தையே தீர்த்துவிட்டார்கள், அதில் ஸ்மால் பிளைண்டுக்குத்தான் லாபம் என்றும் படித்தேன். எனக்கு மட்டும் ஏன் இப்படி? ஸ்னூக்கருக்கு விதி எழுதிய மலையில் இருந்துகொண்டு இதுகூடத் தெரியாவிட்டால் எப்படி?

ஒரு வாசகர், குன்னூர்

*

அன்புள்ள நண்பருக்கு,

பிக் பிளைண்டைப் பற்றிக் கவலையை விடுங்கள். 300 முறையும் சீட்டைப் பார்க்காமலே வீசியிருந்தால் 600 போயிருக்கும். போனது 410. நன்றாகவே ஆடுகிறீர்கள். அதே கணக்கை ஸ்மால் பிளைண்டுக்குப் போட்டால்தான் வயிறு கலங்குகிறது. அங்கே சீட்டைத் தொடாமல் டீ குடித்துக்கொண்டிருந்தாலே 300-தான் போயிருக்கும். நீங்கள் மண்டையை உடைத்துக்கொண்டு ஆடி, அதற்கு மேல் 40 விட்டிருக்கிறீர்கள்.

300 ஆட்டம் சின்னக் கணக்குதான். இரண்டு பெரிய பாட் (நடுவில் சேர்ந்த கொட்டை) உங்கள் பக்கம் வந்திருந்தால் இந்த 40 காணாமல் போயிருக்கும். ஆனால் ‘சீட்டைக் கீழே வைப்பதில்லை’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்த பிறகு அதிர்ஷ்டத்தின் மேல் பழி போட மனம் வரவில்லை. ஸ்மால் பிளைண்ட் நஷ்டமான இடம்தான். நன்றாக ஆடுகிறவருக்கும் அங்கே கையைக் கடிக்கும். ஆட்டத்துக்கு 1 கொட்டை என்பதை முக்கால், அரை என்று இறக்குவதுதான் அங்கே சாமர்த்தியம்.

கனடா விஷயம் சரிதான், ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தின் வேலை அது. அந்த நிரலுக்கு செஃபியஸ் என்று பெயர். ஆனால் அவர்கள் தீர்த்தது இரண்டே பேர் ஆடும் லிமிட் ஹோல்டெம். இருவர் ஆட்டத்தில் டீலரே ஸ்மால் பிளைண்டும் போடுவார். ஃப்ளாப் (மேஜையில் முதலில் திறக்கும் மூன்று பொதுச் சீட்டு) விழுந்த பிறகு எல்லாச் சுற்றிலும் அவர்தான் கடைசியில் பேசுவார், அதனால்தான் நூறு ஆட்டத்துக்கு ஏறக்குறைய 9 பிக் பிளைண்ட் அவர் பக்கம் சாய்கிறது. ஆறு பேர் ஆட்டத்தில் நிலைமை தலைகீழ். ஃப்ளாப், டர்ன் (நான்காம் சீட்டு), ரிவர் (ஐந்தாம் சீட்டு) மூன்றிலும் முதலில் வாய் திறக்க வேண்டியவர் நீங்கள். உங்களுக்குப் பின்னால் நான்கைந்து பேர் என்ன செய்வார்கள் என்று தெரியாமலே கொட்டையைத் தள்ளுகிறீர்கள்.

அந்த இன்னொரு கொட்டைக்கு வருவோம். உங்களைப் பிடித்து வைத்திருப்பது அதுதான். மூன்று பேர் ரெய்ஸ் (பந்தயத்தை ஏற்றுவது) இல்லாமல் இரண்டிரண்டு போட்டு வந்திருக்கிறார்கள் என்று வையுங்கள். பாட்டில் 9 கிடக்கிறது. 1 போட்டால் 9-க்கு ஆடலாம். மலிவுதான், மறுக்கவில்லை. உங்கள் கையில் ஆர்ட்டின் ராஜா, கிளாவர் ஏழு. ஃப்ளாப்பில் ராஜா, ஒன்பது, நான்கு. முகம் மலர்ந்து 2 போடுகிறீர்கள். மூவர் ஒதுங்க, டீலர் மட்டும் பேசாமல் கால் செய்கிறார், அதாவது அதே 2 போடுகிறார். டர்னில் 4 கொட்டை, ரிவரில் 4 கொட்டை போடுகிறீர்கள், அதற்கும் கால். கடைசியில் அவர் ராஜாவும் ஜாக்கியும் காட்டுகிறார். ராஜா ஜோடி இருவருக்கும் சமம், உங்கள் ஏழுக்கு மேல் அவர் ஜாக்கி. ஒரு கொட்டை என்று உள்ளே போனீர்கள், 11 கொட்டை கொடுத்துவிட்டு வெளியே வருகிறீர்கள். ராஜாவே விழாத ஆட்டங்களில் அந்த 1 மட்டும்தான் போகும். ஆசைப்பட்ட சீட்டு விழுந்த ஆட்டம்தான் உங்களைச் சாப்பிடுகிறது. உங்கள் கைதான் பெரியது என்றாலோ, பாதிப் பேர் 2 கொட்டைக்கே எழுந்து போய்விடுவார்கள்.

ரம்மியில் கை மோசம் என்றால் 20 பாயிண்டை எழுதச் சொல்லி முதல் டிராப் போட நீங்கள் யோசிக்கவே மாட்டீர்கள். ஆடிக்கொண்டே போனால் 40, தலைக்கு மேல் போனால் 80 என்று தெரியும். இங்கே அந்த 40-ம் 80-ம் முன்கூட்டி எழுதப்படவில்லை, அதனால் கண்ணுக்குத் தெரிவதில்லை.

அதே 9-க்கு 1 விலையில் எதை வைத்து உள்ளே போகலாம்? எந்த ஜோடியும் போகலாம், ரெண்டு ரெண்டு உட்பட. ஃப்ளாப்பில் மூன்றாவது சீட்டு விழ வாய்ப்பு எட்டரைக்கு ஒன்று, விழுந்தால் யாருக்கும் தெரியாது, நன்றாகக் கொடுப்பார்கள். ஒரே சின்னத்தில் அடுத்தடுத்து வரும் சீட்டுகளும் சரி. ராஜாவோ ராணியோ வேறு சின்னத்துச் சிறிய சீட்டோடு வந்தால் கீழே வையுங்கள். ஏஸ்-ராஜா, பெரிய ஜோடி என்றால் இன்னொரு கொட்டையோடு நிறுத்தாமல் ரெய்ஸ் செய்யுங்கள்.

யாராவது முன்னாலேயே ரெய்ஸ் செய்திருந்தால் கால் என்ற வார்த்தையை மறந்துவிடுங்கள். டீலர் மட்டும் 4 ஆக்கினார், நீங்கள் 3 போட்டு கால் செய்தீர்கள் என்றால், பாட்டில் இருக்கும் 10-க்கு பிக் பிளைண்டுக்காரர் 2 போட்டால் போதும். எந்தக் குப்பையோடும் வருவார். நீங்கள் 6 ஆக ஏற்றினால் அவர் 12-க்கு 4 போட வேண்டும், பெரும்பாலும் நகர்ந்துவிடுவார். டீலரோடு தனியாக ஆடலாம். ஏற்றும் அளவுக்குக் கை இல்லையா, சீட்டைக் கொடுத்துவிடுங்கள். ரெய்ஸ் முதல் ஆளிடமிருந்து வந்தால் இன்னும் கெட்டியான கை வேண்டும், ஏஸ்-ஜாக்கி எல்லாம் அப்போது விறகுதான். எல்லோரும் ஒதுங்கி நீங்களும் பிக் பிளைண்டும் மட்டும் மிஞ்சுவது உங்கள் வீட்டில் அபூர்வமாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன், மழையில் நனைந்து வந்தவர்கள் அவ்வளவு சீக்கிரம் ஒதுங்கமாட்டார்கள்.

முதலில் பேசுவதில் ஒரே ஒரு நன்மை உண்டு. ஃப்ளாப்பில் நல்ல ஜோடி விழுந்திருக்கிறது, ஐந்து பேர் உள்ளே, பாட்டில் 10. நீங்கள் 2 போட்டால் அடுத்தவருக்கு 12-க்கு 2, அரைகுறைக் கையும் ஒட்டிக்கொள்ளும். போடாமல் செக் சொல்லுங்கள். கைக்குக் கை செக் போய் டீலர் 2 போட்டால், நீங்கள் அதை 4 ஆக்கலாம். இப்போது நடுவில் உள்ள மூவரும் 16-க்கு 4 கொடுக்க வேண்டும். கடைசி ஜோடி வைத்திருப்பவருக்கும் ஒரே ஒரு நம்பர் விழுந்தால் வரிசை சேரும் என்று காத்திருப்பவருக்கும் அது கட்டுபடியாகாத விலை. உங்கள் வலது பக்கம் இருக்கும் டீலர் சும்மா விடாமல் பந்தயம் போடுகிறவர் என்றால் மட்டுமே இது வேலை செய்யும். அவரும் செக் சொன்னால் எல்லோருக்கும் ஒரு சீட்டு இலவசம்.

எந்தக் கையோடு ஆடலாம் என்று தம்பி மகன் ஏதாவது அட்டவணை அனுப்பியிருந்தால், அவர் ஆடும் மேஜையின் பிளைண்ட் என்ன என்று கேட்டுவிட்டுப் பாருங்கள். அங்கே 3-6 மேஜையில் (முதல் இரண்டு சுற்றில் 3, பிறகு 6 என்று ஏறும் மேஜை) பிளைண்ட் 1-ம் 3-மாக இருக்கலாம், உள்ளே போக இன்னும் 2 வேண்டும், கறாராக ஆடச் சொல்லும். 15-30 மேஜையில் 10-ம் 15-மாக இருந்தால் 5 போதும், தாராளமாக ஆடச் சொல்லும். உங்களுடையது நட்டநடு.

புளியங்கொட்டையை மாற்றாதீர்கள். 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் இணையத்தில் பணம் வைத்து ஆடுவதைத் தடை செய்த பிறகும், எந்த ஆப் நல்லது என்று கேட்டுக் கடிதம் வருகிறது. பதில் போடுவதில்லை.

உங்கள் நோட்டில் ஸ்மால் பிளைண்ட் பக்கத்தை மட்டும் இரண்டாகப் பிரியுங்கள். கீழே வைத்த ஆட்டங்கள் ஒரு பக்கம், உள்ளே போன ஆட்டங்கள் மறுபக்கம், எந்தக் கையோடு போனீர்கள் என்பதோடு. மழை விடுவதற்குள் இன்னொரு 300 சேர்ந்துவிடும், அப்போது அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள்.