எல்.டி. 50 அதிகம் என்றால் ஆபத்தில்லையா?

கேள்வி: செருப்பு ஒட்டும் சிறிய பட்டறையில் வேலை பார்க்கிறேன். நாள் முழுக்கப் பசையும் தின்னரும்தான். தின்னரோடு வந்த பாதுகாப்புத் தரவுத்தாளில் ‘எல்.டி. 50 (வாய்வழி, எலி): கிலோவுக்கு 5,000 மில்லிகிராமுக்கு மேல்’ என்று போட்டிருக்கிறது. “60 கிலோ ஆள் 300 கிராம் குடித்தால்தான் ஆபத்து, யார் குடிக்கப் போகிறார்கள்?” என்கிறார் மேற்பார்வையாளர். ஆனால் சாயங்காலமானால் எனக்குத் தலை கனக்கிறது, லேசாகக் குமட்டுகிறது. லீவு நாளில் ஒன்றும் தெரிவதில்லை. யார் சொல்வது சரி?

பதில்: மேற்பார்வையாளர் பெருக்கியது சரி, ஆனால் அது உங்கள் கேள்விக்கான கணக்கு இல்லை. உங்கள் தலைபாரம்தான் இங்கே நம்பகமான தகவல். அதை அலட்சியப்படுத்தாதீர்கள்.

ஒரு பொருளை ஒரே தடவையில் கொடுத்தால் சோதனை விலங்குகளில் பாதி செத்துப்போக எவ்வளவு வேண்டும் என்பதுதான் எல்.டி. 50. 1927-ல் டிரெவன் என்ற ஆங்கிலேய ஆய்வாளர், மருந்துகளின் வீரியத்தைத் தரப்படுத்துவதற்காக இந்த அளவைக் கொண்டுவந்தார். அந்த வேலைக்கு அது நல்ல அளவுதான். ஆனால் அது சாவை மட்டும் எண்ணுகிறது. பிழைத்துக்கொண்ட பாதி எலிகளுக்குக் கல்லீரல் கெட்டதா, கால் தளர்ந்ததா என்பதெல்லாம் அந்த எண்ணுக்குள் இல்லை. மாதக்கணக்கில் மூச்சில் போனால் என்ன ஆகும் என்பதும் இல்லை.

உங்கள் தொழிலிலிருந்தே ஓர் உதாரணம் சொல்கிறேன். பசைகளிலும் தின்னர்களிலும் என்-ஹெக்சேன் என்ற கரைப்பான் அடிக்கடி இருக்கும். எலிகளில் அதன் வாய்வழி எல்.டி. 50 கிலோவுக்குச் சுமார் 25 கிராம். சாப்பாட்டு உப்புக்கு அதே அளவு சுமார் 3 கிராம். அதாவது, இந்த எண்ணை மட்டும் வைத்துப் பார்த்தால் ஹெக்சேன் உப்பைவிட எட்டு மடங்கு சாது. அதே ஹெக்சேன்தான் 1960களில் ஜப்பானில் செருப்புக்குப் பசை ஒட்டிய பலருக்கு நரம்புகளைக் கெடுத்தது. முதலில் கால்விரல் மரத்தது, அப்புறம் கை, பிறகு நடையே தள்ளாடியது.

இது எப்படி நடக்கிறது என்பதில்தான் நஞ்சியலின் பாதிப் பாடம் இருக்கிறது. ஹெக்சேன் உடலுக்குள் போனதும், அதைத் தண்ணீரில் கரையும்படி மாற்றி வெளியே தள்ளக் கல்லீரலின் நொதிகள் முனைகின்றன. அந்த மாற்றத்தின் நடுவே 2,5-ஹெக்சேன்டயோன் என்ற பொருள் உண்டாகிறது. கெடுதல் செய்வது இதுதான். நரம்பிழைக்குள் இருக்கும் மெல்லிய புரத இழைகளில் இது ஒட்டி, அவற்றை ஒன்றோடொன்று பிணைத்துவிடுகிறது. பிணைந்த இடத்தில் நரம்பு வீங்குகிறது, உள்ளே நடக்கும் சரக்குப் போக்குவரத்து தடைப்படுகிறது. வாய்க்காலில் அடைப்பு விழுந்தால் முதலில் காய்வது கடைமடைதானே? அப்படித்தான் உடலிலேயே நீளமான நரம்புகளின் நுனி, அதாவது கால்விரல், முதலில் மரக்கிறது.

உடலே நஞ்சைத் தயாரித்துக்கொள்வது அபூர்வமான விஷயம் இல்லை. மெத்தனால் உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறித்தான் கண் பார்வையைப் பறிக்கிறது. பாராசிட்டமாலும் அளவு மீறும்போது இப்படி உண்டாகும் ஒரு துணைப்பொருளால்தான் கல்லீரலை அழிக்கிறது. சரியான அளவில் அதே மாத்திரை மருந்து. ஏனென்றால் அந்தத் துணைப்பொருளை அடக்க கல்லீரலிடம் குளூட்டாதயோன் என்ற காப்புப் பொருளின் இருப்பு உண்டு. அது தீர்ந்த பிறகுதான் அழிவு தொடங்குகிறது.

அளவுதான் ஒன்றை நஞ்சாக்குகிறது என்று 16-ஆம் நூற்றாண்டில் பாராசெல்சஸ் என்ற மருத்துவர் எழுதியது இன்றும் நிற்கிறது. ஆனால் எந்த வழியாக, எவ்வளவு நேரம் என்பதையும் சேர்த்துத்தான் அளவைப் பார்க்க வேண்டும். வேலை செய்யும் ஒருவர் எட்டு மணி நேரத்தில் சுமார் 10 கன மீட்டர் காற்றை இழுக்கிறார். ஹெக்சேனுக்குப் பல தொழில் சுகாதார அமைப்புகள் சொல்லும் வரம்பு 50 பிபிஎம், அதாவது ஒரு கன மீட்டர் காற்றில் 176 மில்லிகிராம். காற்றில் சரியாக அந்த வரம்பு இருந்தால்கூட ஒரு நாளைக்கு 1.7 கிராமுக்கு மேல் உங்கள் நுரையீரலுக்குள் போய் வருகிறது. 250 வேலை நாளில் 440 கிராம். இதில் ஒரு பகுதிதான் ரத்தத்தில் சேரும், அதையும் உடல் அன்றன்றைக்கு வெளியேற்றும் என்பதால் இப்படிக் கூட்டுவது முறையான கணக்கு ஆகாது. ஆனாலும் “யார் குடிக்கப் போகிறார்கள்” என்பதற்கு இது பதில். நுரையீரல் வழியாகச் சேர்வது முதலில் கல்லீரல் வழியாகப் போகாமலே நேராக மூளைக்குப் போய்விடும் என்பது இன்னொரு விஷயம்.

உங்கள் தலைபாரமும் அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும். கரைப்பான்கள் கொழுப்பில் கரைபவை. மூளை செல்களின் சவ்வுகளில் புகுந்து மயக்க மருந்தின் வேலையைக் கொஞ்சமாகச் செய்கின்றன. வேலையை விட்டு வந்த பிறகு ரத்தத்தில் அளவு குறைய, தலை தெளிகிறது. லீவு நாளில் ஒன்றும் இல்லாததற்குக் காரணம் இதுதான். இதை வைத்து ‘எல்லாம் சரியாகிவிடுகிறது’ என்று முடிவு கட்டாதீர்கள். ஹெக்சேன் போய்விடும், அது நரம்பில் போட்ட பிணைப்பு அதே வேகத்தில் போகாது. மறுநாள் அதன்மேல் இன்னும் கொஞ்சம் சேரும்.

சரி, இப்போது என்ன செய்வது? தரவுத்தாளின் 3-ஆம் பகுதியை எடுத்துச் சேர்மங்களின் சிஏஎஸ் எண்களைப் பாருங்கள். ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் தனியாகக் கொடுத்திருக்கும் அடையாள எண் அது. 110-54-3 என்றால் என்-ஹெக்சேன், 108-88-3 என்றால் டொலுயீன் என்ற இன்னொரு கரைப்பான். 71-43-2 என்றிருந்தால் அது பென்சீன். எலும்பு மஜ்ஜையைத் தாக்கி ரத்தப் புற்றுநோய் வரவழைப்பது. அந்த டப்பா பட்டறைக்குள்ளேயே இருக்கக் கூடாது. ஹெக்சேனோடு 78-93-3, அதாவது மெத்தில் எத்தில் கீட்டோன் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். அது ஹெக்சேனின் நரம்புக் கெடுதலை அதிகமாக்கும். 2-ஆம் பகுதியில் எச்372 அல்லது எச்373 என்ற குறி இருந்தால், திரும்பத் திரும்பப் பட்டால் உறுப்பு கெடும் அல்லது கெடலாம் என்று பொருள். எச்361 இருந்தால் கருவுக்கோ இனப்பெருக்கத்துக்கோ கெடுதல் என்ற சந்தேகம் உண்டு. கர்ப்பமாக இருப்பவர் யாரையும் அந்த மேசைப் பக்கம் விடக் கூடாது. மேற்பார்வையாளரிடம் இந்தக் குறிகளைக் காட்டிப் பேசுங்கள். தாளில் ‘ஹைட்ரோகார்பன் கலவை’ என்று மட்டும் இருந்தால், என்-ஹெக்சேன் எவ்வளவு என்று விற்றவரிடம் எழுத்தில் கேளுங்கள்.

ஹெக்சேன் இருந்தால் பசையை மாற்றுவதே முதல் வழி. நீர் கலந்த பசையோ, ஹெப்டேன் என்ற வேறு கரைப்பான் கலந்ததோ கிடைக்கிறதா என்று பாருங்கள். மாற்ற முடியாவிட்டால், மேசை உயரத்தில், முகத்துக்கு எதிர்ப்பக்கமாக ஆவியை இழுத்து வெளியே தள்ளும் விசிறி வேண்டும். ஹெக்சேன் ஆவி காற்றைவிட மூன்று மடங்கு கனம், கீழேயே தேங்கும். சாதாரண மின்விசிறி அதைக் கிளறிவிடுமே தவிர வெளியேற்றாது. துணி முகக்கவசமும் என்95-உம் தூசியைத்தான் தடுக்கும். ஆவிக்குச் செயல்கரிக் குப்பி (ஆவியை உறிஞ்சும் கரி அடைத்தது) பொருத்திய கவசம்தான் வேண்டும், குப்பியைக் காலம் தவறாமல் மாற்றவும் வேண்டும். வாசனை தெரியவில்லையே என்று இருந்துவிடாதீர்கள், மூக்கு சீக்கிரம் பழகிப்போகும்.

கையில் ஒட்டிய பசையைத் தின்னரால் கழுவும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். தோலின் எண்ணெயைக் கரைத்துவிட்டு அது உள்ளே இறங்கும். லேடெக்ஸ் கையுறையும் போதாது. அமெரிக்க வேதியியலாளர் காரன் வெட்டர்ஹானின் கையுறைமீது 1996-ல் டைமெத்தில் மெர்குரி என்ற பாதரசச் சேர்மம் சில சொட்டுகள் சிந்தின. சில விநாடிகளிலேயே லேடெக்ஸை அது ஊடுருவிவிடும் என்பது பிறகு செய்த சோதனையில்தான் தெரிந்தது. 1997-ல் அவர் இறந்துபோனார். உங்கள் தின்னர் அந்த அளவு கொடியதில்லை, ஆனாலும் எந்தக் கரைப்பானுக்கு எந்தக் கையுறை என்று 8-ஆம் பகுதியில் பார்த்தே வாங்குங்கள்.

கால்விரல் மரப்பு, கை பிடிமானம் தளர்வது, படி ஏறச் சிரமம், இதில் ஏதாவது ஒன்று தெரிந்தாலும் தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள். தரவுத்தாளைக் கையோடு கொண்டுபோய், என்ன வேலை, எத்தனை மணி நேரம் என்று சொல்லுங்கள். வேலை வாரத்தின் கடைசி நாள் சிறுநீரில் 2,5-ஹெக்சேன்டயோன் அளவு பார்க்கலாம், நரம்புக் கடத்தல் சோதனையும் உண்டு. ஹெக்சேன்தான் காரணம் என்றால், அதை விட்டு விலகிய பிறகும் ஓரிரு மாதம் மரப்பு கூடலாம். அதைப் பார்த்துப் பயந்து ‘விட்டும் பயனில்லை’ என்று திரும்பிப் போய்விடாதீர்கள். நரம்பு மெதுவாகத்தான் தேறும், பல மாதங்கள் எடுக்கும்.