கடல் கேள்வி, கரை பதில்

கேள்வி: அண்ணாச்சி, எனக்கு ஊரு குளச்சல். ஆறு வருஷம் வள்ளத்துல போனவன், இப்ப குரோஷியாவுல ஒரு முதலாளியோட 12 மீட்டர் மோட்டார் போட்டுல வேலை, ரெட்டை இன்ஜின். இங்க போட்ட பக்கவாட்டுல கட்ட விடமாட்டாங்க, பின்பக்கத்த கரைக்கு காட்டி ரெண்டு போட்டுக்கு நடுவுல ரிவர்ஸ்ல நுழைக்கணும். போன வாரம் போரா காத்துல மூணு தடவ ட்ரை பண்ணி கடைசியில பக்கத்து போட்டு கைப்பிடி கம்பிய வளைச்சிட்டேன். ஆனி ஆடி அலையில வள்ளம் தள்ளுனவனுக்கு இது ஏன் வரமாட்டேங்குது?

பதில்: மக்களே, மனச விட்டுறாத, உனக்கு கடல் தெரியும், அந்த போட்டோட உடம்புதான் தெரியல. நம்ம வள்ளம் தண்ணியோட தாழ்ந்து கிடக்கும், காத்துக்கு பிடிக்க ஒண்ணும் இருக்காது. மோட்டார் போட்டு அப்படி இல்ல, மேல மாடி வீடு மாதிரி உயரம், கீழ தண்ணிக்குள்ள கொஞ்சம்தான், அதனால மெதுவா போறப்ப காத்துதான் அத ஓட்டும். அதுலயும் பின்னாடி இன்ஜின் வெயிட்டும் ப்ரொப்பல்லரும் பிடிச்சு வச்சிருக்கும், அணியம், அதாவது போட்டோட முன்மூக்கு மட்டும் சட்டுனு காத்து போற பக்கம் திரும்பிரும். நீ மூணு தடவயும் மாட்டுனது அங்கதான்னு நினைக்கேன்.

போரான்னா என்னன்னு ஆரல்வாய்மொழிய நினைச்சுப் பாரு. முப்பந்தல்ல ஏன் அவ்வளவு காத்தாடி நட்டிருக்காங்க, மலைக்கு நடுவுல இருக்க இடைவெளியில காத்து நெருக்கிட்டு வருது அதான். அங்க குரோஷியாவுலயும் கடலோர வெலெபிட் மலைக்கு பின்னால குளிர்ந்த காத்து தேங்கி, கணவாய் கிடைச்ச இடத்துல சரிஞ்சு கடல்ல விழும், சென்ய் ஊர்ப்பக்கம் அது ரொம்ப பலம். வானம் தெளிவா இருக்கும், மலை உச்சியில மட்டும் வெள்ளையா தொப்பி மாதிரி மேகம் நிக்கும், அத பாத்தா புரிஞ்சுக்க. இன்னொண்ணு யூகோ, தென்கிழக்கு காத்து, அது மழை மேகத்தோட மெதுவா ஏறி ஒண்ணு ரெண்டு நாள்ல பெரிய அலைய கொண்டு வரும், நமக்கு பழகுன மாதிரி. போரா அடி அடியா வரும், நடுவுல ஒரு மூச்சு விடும், அந்த மூச்சுல நுழையணும்.

இப்ப வேலைக்கு வா. ஹார்பருக்குள்ள வந்தப்புறம் யோசிக்காத, வெளியவே நின்னு மத்த போட்டு கொடி எந்தப் பக்கம் பறக்குன்னு பாரு. ஃபெண்டர், அதான் இடி தாங்குற காத்துப் பந்து, ரெண்டு பக்கமும் பின்னாடியும் தொங்கணும், பின் கயிறு ரெண்டும் கைப்பிடிக்கு வெளிய சுத்தி எடுத்து ரெடியா இருக்கணும். ஸ்டியரிங்க நேரா வச்சிட்டு மறந்துரு, ஒரு இன்ஜின் முன்னால இன்னொண்ணு பின்னாலன்னு கியர்லயே திருப்பு. தூரத்துல இருந்தே ரிவர்ஸ்ல வா, ஏன்னா ரிவர்ஸ்ல வர்ற போட்டோட பின்பக்கம் தானா காத்தப் பாத்து திரும்பும், அது உனக்கு உதவி. பக்கக் காத்துன்னா இடைவெளிக்கு நடுவ பாத்து வராத, காத்து வர்ற பக்கத்து போட்ட ஒட்டி வா, நடுவுக்கு காத்தே தள்ளி விட்டுரும்.

முக்கியமானது இதுதான். முதல்ல போற கயிறு காத்து வர்ற பக்கத்து பின் கயிறு, வேற எதுவும் இல்ல. அது கரையில மாட்டுனதும் எதிர்ப்பக்கத்து இன்ஜின மட்டும் முன் கியர்ல மெதுவா ஓட விடு. கயிறு ஒரு மூலையில பிடிக்கும், இன்ஜின் இன்னொரு மூலையில தள்ளும், அணியம் காத்துக்குள்ள ஏறி நிக்கும் பாரு! எனக்கு இத முதல் தடவ பாத்தப்ப கண்ணு நிறைஞ்சுது. அதுக்கப்புறம் அவசரமே கிடையாது, ஒருத்தர் கொக்கியால கரையோரம் கிடக்குற அடிக்கயிற (கரையில இருந்து போயி கடலடியில கட்டியிருக்கும், போட்டோட முன்பக்கத்த பிடிக்கத்தான்) தூக்கி காத்து வர்ற பக்கமாவே அணியத்துக்கு நடத்திக்கொண்டு போயி இறுக்கலாம். கயிறு வர்ற அந்தக் காத்துப் பக்க இன்ஜின் நியூட்ரல்ல இருக்கணும். நான் ஒரு கிரீஸ் தீவுல அத மறந்து கயிற ப்ரொப்பல்லர்ல சுத்த விட்டுட்டேன், கத்திய பல்லுல கடிச்சிட்டு தண்ணிக்குள்ள இறங்கி அறுத்தேன், இன்னிக்கும் அத நினைச்சா நெஞ்சு பதறும். அடிக்கயிறு இல்லாத சின்ன ஊர்ல உன் நங்கூரத்தையே போடணும், கரையில இருந்து மூணு நாலு போட்டு நீளம் தள்ளி, கொஞ்சம் காத்து வர்ற பக்கமா போட்டு, சங்கிலிய விட்டுக்கிட்டே ரிவர்ஸ்ல வா.

கயிறு போறதுக்கு முன்னாடி ஒரு அடி காத்து வந்துச்சா, ரெண்டு இன்ஜினும் முன்னால போட்டு வெளிய போயிரு. நாலாவது தடவ, அஞ்சாவது தடவ வந்தாலும் சரி. முதலாளி கத்துனா "அய்யா, மரீனாக்காரங்க சின்ன போட்ட அனுப்பச் சொல்லுங்க"ன்னு பொறுமையா சொல்லு, மரீனான்னா இந்த மாதிரி போட்டு கட்டுற ஹார்பர், ரேடியோல கேட்டா வந்து அணியத்த தள்ளிப் பிடிப்பாங்க.

கேள்வி: எனக்கு ஊரு வள்ளவிளை. மகன் மால்டாவுல போட்டு வேலைக்குப் போறான். அங்க ஒக்கி புயல் மாதிரி வருமா?

பதில்: அக்கா, 2017 நவம்பர் 30 உங்க கரையில என்ன செஞ்சுதுன்னு எனக்குத் தெரியும், அதனால ஒண்ணும் வராதுன்னு பொய் சொல்லமாட்டேன். மத்தியதரைக் கடல்லயும் புயல் மாதிரி சுழல் உண்டு, பெரும்பாலும் செப்டம்பருக்கு அப்புறம். 2020 செப்டம்பர்ல இயானோஸ்னு ஒண்ணு கிரீஸ் மேற்குக் கரைய அடிச்சுது. கோடைன்னு நம்பியும் இருக்க முடியாது, 2022 ஆகஸ்ட் 18 காலையில கோர்சிகா தீவுல திடீர்னு மணிக்கு 220 கிலோமீட்டருக்கு மேல காத்து அடிச்சு எத்தனையோ போட்டு கரையில ஏறிப் போச்சு. ஆனா ஒக்கி சமயத்துல நம்ம பிள்ளைங்க ஆழ்கடல்ல வாரக்கணக்குல, சேதி எட்டாத தூரத்துல கிடந்தாங்க, அவனோட வேலை பெரும்பாலும் கரைக்குப் பக்கத்துல. போன்ல பேசறப்ப சாப்பிட்டியான்னு கேக்குறதோட, இன்னிக்கு வானிலை பாத்தியா, லைஃப் ஜாக்கெட் போட்டியா, ரேடியோல ஆபத்துக்குக் கூப்பிடுற சானல் 16 ஆன்ல இருக்கான்னும் கேளுங்க. அம்மா கேக்குறாங்கன்னு தெரிஞ்சா பாப்பான்.

கேள்வி: சின்னமுட்டம் ஹார்பர்ல நாமளும் இப்படி பின்பக்கமா கட்டுனா இடம் மிச்சமாகுமே? - முட்டம் வாசகர்

பதில்: மிச்சமாகும்தான். அவங்களுக்கு ஸ்பிளிட் பக்கம் ஏத்த இறக்கம் அரை மீட்டர் கூட கிடையாது, அதனால கரைக்கும் போட்டுக்கும் பலகை போட்டு நடப்பாங்க. நமக்கும் ஏத்த இறக்கம் ஒண்ணும் பெருசு இல்ல, தடுக்கிறது அலைதான். தென்கடல்ல எங்கயோ கிளம்பி காத்தே இல்லாத நாள்ல வர்ற கள்ளக்கடல் ஹார்பர் வாய்க்குள்ளயும் நுழைஞ்சு போட்ட முன்னும் பின்னும் இழுக்கும், பின்பக்கத்த கரைக்கு காட்டிக் கட்டுனா ப்ரொப்பல்லரும் சுக்கானும்தான் கல்லுல போயி இடிக்கும்.